சராசரி ஆயுள் 70 என்றால் எனக்கு மிச்சம் பத்து வருஷம்தானா?

கேள்வி: எனக்கு வயது 60, மனைவிக்கு 54. சென்ற மாதம் ஓய்வு பெற்றேன். ‘இந்தியர்களின் சராசரி ஆயுளே 70தான் சார். பத்து வருஷச் செலவுக்கு எடுத்து வைத்துக்கொண்டு மீதியை ஒரே தவணை பாலிசியில் போடுங்கள்’ என்கிறார் ஒரு முகவர். போடலாமா?

பதில்: வேண்டாம். அந்த 70, பிறக்கும் குழந்தைக்கான கணக்கு. சுதந்திரம் வந்த காலத்தில் அது 32 வாக்கில் இருந்தது. அதற்காக அன்று 32 வயதில் எல்லோரும் போய்ச் சேர்ந்துவிடவில்லை. பச்சிளம் குழந்தைகளின் சாவு சராசரியை வெகுவாகக் கீழே இழுத்தது. தடுப்பூசி, நல்ல தண்ணீர், ஆஸ்பத்திரிப் பிரசவம் வந்த பிறகு ஏறியது.

நீங்களோ குழந்தை நோய்களையும் வாலிப வயது பைக் விபத்துகளையும் தாண்டி வந்தவர். மத்திய அரசின் 2016-20 ஆயுள் அட்டவணையில் 60 வயதுக்கு எதிரே பாருங்கள்: இன்னும் சுமார் 18 ஆண்டுகள். அதுவும் சராசரிதான். பீடி சிகரெட், சர்க்கரை, ரத்த அழுத்தம் இவற்றைப் பொறுத்துக் கூடும், குறையும். 90 வரை பணம் வேண்டும் என்றே திட்டமிடுங்கள்.

இந்த அட்டவணையை ஆங்கிலத்தில் பிடிஎஃப்பாகப் போட்டுவிட்டுக் கடமை முடிந்தது என்று இருக்கிறார்கள். ஓய்வு பெறுகிறவர் கையில் தமிழில் ஒரு தாள் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? அந்த இடத்தில்தான் முகவர் நுழைகிறார். பாலிசி விற்க 70 என்பவர், பென்ஷன் திட்டம் விற்கும்போது ‘நூறு வயசு இருப்பீங்க’ என்பார். எப்படியானாலும் அவர் கமிஷன் முதலிலேயே வந்துவிடும். உங்கள் பணம்தான் மாட்டிக்கொள்ளும்.

உங்கள் மனைவி விஷயம் தனி. பெண்களின் ஆயுள் சராசரியாகக் கூடுதல், அவர் உங்களைவிட ஆறு வயது இளையவர் வேறு. எனவே உங்களுக்குப் பிறகு அவர் பல ஆண்டுகள் தனியாகச் செலவைச் சமாளிக்க வேண்டிவரலாம். ஆயுள்கால பென்ஷன் திட்டம் எதை வாங்கினாலும், விண்ணப்பத்தில் ‘ஜாயின்ட் லைஃப்’ (உங்களுக்குப் பிறகு மனைவிக்கும் அவர் ஆயுள் வரை பென்ஷன் தொடரும் வகை) கட்டத்தில் டிக் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். மாதத்தொகை சற்றுக் குறையும், பரவாயில்லை. நாமினி இடத்தில் மனைவி பெயர் இருந்தால் போதும் என்று முகவர் சொன்னால் நம்பாதீர்கள். நாமினிக்கு ஆயுள் முழுக்க மாதாமாதம் பென்ஷன் வராது. முதலைத் திருப்பித் தரும் திட்டமாக இருந்தால் அந்தத் தொகை ஒரே தடவையாக வரும், இல்லாவிட்டால் பெரும்பாலும் அதுவும் கிடையாது.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டீர்களா? பாலிசி கைக்கு வந்த 30 நாளுக்குள் ரத்து செய்யலாம். கடிதத்தை முகவரிடம் தராமல் கிளை அலுவலகத்தில் கொடுத்து, தேதி முத்திரை போட்ட நகலை வாங்கிக்கொள்ளுங்கள்.