நமீபியா வழியாக விக்டோரியா அருவிக்கு: எந்தப் பணத்தில் சேமிப்பது?

கேள்வி: கேப் டவுனில் முதுகலை படிக்கிறேன். வரும் டிசம்பரில் மாணவர்கள் 10 பேர் வாடகை வண்டிகளில் நமீபியா, போட்ஸ்வானா வழியாக ஜிம்பாப்வேயின் விக்டோரியா அருவி வரை செல்கிறோம். இப்போதே நாள் எண்ணத் தொடங்கிவிட்டேன். உதவித்தொகையில் மிச்சம் பிடிப்பதை முழுவதும் அமெரிக்க டாலராக மாற்றி வைக்கலாமா? பற்றாக்குறைக்குக் கிரெடிட் கார்டு போதுமா?

பதில்: படிக்கும் காலத்தில் நண்பர்களோடு இப்படி ஒரு பயணம் வாய்ப்பது பெரிய விஷயம், தயங்காமல் போய்வாருங்கள். ஆனால் சேமிப்பை முழுவதும் டாலராக மாற்ற வேண்டாம். வண்டி வாடகையைக் கேப் டவுனிலேயே தென்னாப்பிரிக்க நாணயமான ராண்டில்தான் கட்டப்போகிறீர்கள். ஆரஞ்சு ஆற்றைக் கடந்து நமீபியாவுக்குள் நுழைந்த பிறகும் உங்கள் ராண்ட் நோட்டுகள் அப்படியே செல்லும், ஏனெனில் நமீபிய டாலர் 1993இல் வந்த நாள் முதல் ராண்டுக்கு ஒன்றுக்கு ஒன்று என்ற மதிப்பிலேயே இருக்கிறது. ஆனால் நமீபிய நோட்டுகளைக் கேப் டவுன் கடைகளில் பொதுவாக வாங்கமாட்டார்கள் என்பதால், மீதிச் சில்லறையாக வருவதை நமீபியாவிலேயே செலவழித்துவிடுங்கள். போட்ஸ்வானா 1976இலேயே ராண்டை விட்டு விலகிச் சொந்தமாகப் பூலா என்ற நாணயத்தை வெளியிட்ட நாடு. அங்கே தங்கும் சில நாள்களுக்குக் கார்டும் கொஞ்சம் பூலாவும் போதும்.

அமெரிக்க டாலர் தேவைப்படுவது ஜிம்பாப்வேயில்தான். 2024 ஏப்ரலில் ஜிக் என்ற புதிய நாணயம் வந்த பின்னும் அருவி நுழைவுச்சீட்டு, படகுச் சவாரி போன்றவற்றுக்கு டாலரில்தான் விலை சொல்கிறார்கள். அந்தச் செலவுகளைக் கூட்டி, அந்த அளவுக்கு மட்டும் மாதாமாதம் சிறிது சிறிதாக டாலர் வாங்குங்கள். ராண்ட் திடீரென்று சரிந்தாலும் அடி குறைவாக இருக்கும். கிழிசலோ கறையோ இல்லாத 1, 5, 10 டாலர் நோட்டுகளாகக் கேட்டு வாங்குங்கள், அங்கே சில்லறை கிடைப்பது அரிது. விசாக் கட்டணம் பாஸ்போர்ட்டைப் பொறுத்து மாறும். ஜாம்பியா பக்கமும் அருவியைப் பார்ப்பதானால், தகுதியுள்ள நாட்டவர்களுக்கு 50 டாலரில் இரு நாடுகளுக்கும் சேர்த்துக் காசா யூனிவிசா (KAZA Univisa) என்ற பொது விசா உண்டு.

எனக்குக் கவலை தருவது வண்டி ஒப்பந்தம். நமீபியாவில் பெரும்பாலானவை சரளைச் சாலைகள். டயர், முன்கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம் ஆகியவற்றின் சேதத்தைச் சாதாரணக் காப்பீடு பெரும்பாலும் ஏற்பதில்லை. முன்பணம் பிடித்துவைக்கப்படுவதும், சேதத்துக்கான தொகை கழிக்கப்படுவதும் ஒரே ஒருவருடைய கார்டிலிருந்து என்பதால், எந்தச் சேதமானாலும் 10 பேரும் சமமாகப் பங்கிட்டுக்கொள்வோம் என்று புறப்படும் முன்பே எழுதிக் கையெழுத்திடுங்கள். நட்பு கெடாமல் இருக்கவும் அதுவே வழி. கூடுதல் காப்பீடு, எல்லை கடப்பதற்கான அனுமதிக் கடிதம், அவசர மருத்துவப் போக்குவரத்தை உள்ளடக்கிய பயணக் காப்பீடு ஆகிய மூன்றையும் பயணக் கட்டணத்திலேயே சேர்க்கச் சொல்லுங்கள்.

கிரெடிட் கார்டு இந்த முன்பணத்துக்கும் அவசரத்துக்கும் மட்டும் இருக்கட்டும். கார்டில் ரொக்கம் எடுத்தால் பெரும்பாலும் அன்றைக்கே வட்டி ஏறத் தொடங்கிவிடும். பிப்ரவரியில் கல்லூரிக் கட்டணம் கட்டும் நேரத்தில் அந்தப் பாக்கியும் சேர்ந்து நிற்கும். அக்டோபர் முடிவிலும் பணம் போதாது என்று தெரிந்தால், கடன் வாங்காமல் குழுவோடு பேசி இரண்டு இரவுகளையேனும் விடுதியிலிருந்து கூடார முகாமுக்கு மாற்றிவிடுங்கள்.