கவுன்சிலர் பதவி எம்.பி. ஆவதற்குப் படிக்கட்டா?

கேள்வி: ஒன்பது வருடமாக கிளாஸ்கோவில் இருக்கிறேன். இந்தியக் குடியுரிமை, ஐ.எல்.ஆர் (நிரந்தரமாகத் தங்கும் அனுமதி) வாங்கிவிட்டேன். 2027 மே மாதம் வரும் கவுன்சில் தேர்தலில் நிற்க ஆசை. நிற்க முடியுமா? பின்னால் எம்.பி. ஆவதற்கு அது உதவுமா?

பதில்: நிற்கலாம். 18 வயது நிறைந்து, அந்த கவுன்சில் எல்லைக்குள் வாக்காளராக இருந்தால் போதும். டெபாசிட் கிடையாது. ஒன்றை மட்டும் இப்போதே யோசித்து வையுங்கள்: அதே கவுன்சிலில் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் என்றால், ஜெயித்ததும் அந்த வேலையை விட்டாக வேண்டும். எம்.பி. தேர்தலுக்கும் தடையில்லை, காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள் ஐ.எல்.ஆர் இருந்தால் போட்டியிடலாம். அங்கே 500 பவுண்டு டெபாசிட் கட்ட வேண்டும், 5 சதவீத வாக்கு வராவிட்டால் அது போய்விடும்.

இரண்டாவது கேள்விக்கு உங்கள் ஊர்க்காரர் ஒருவரையே பார்க்கலாம். அலிசன் தியூலிஸ் 2007-ல் கிளாஸ்கோவின் கால்ட்டன் வார்டில் எஸ்.என்.பி. (ஸ்காட்லாந்து தேசியக் கட்சி) கவுன்சிலரானார். அந்த வருடம்தான் ஸ்காட்லாந்து கவுன்சில் தேர்தல் முறையே மாறியது. ஒரு வார்டுக்கு மூன்று நான்கு பேர். வாக்காளர் 1, 2, 3 என்று வரிசை போட்டு வாக்களிப்பார். வாங்கிய வாக்குக்கு ஓரளவு ஏற்றபடி கட்சிகளுக்கு இடம் கிடைக்கும். 2003-ல் கிளாஸ்கோவின் 79 இடங்களில் 71 லேபர் கட்சியிடம் இருந்தன, எஸ்.என்.பி.க்கு வெறும் 3. புதிய முறையில் அது 22 ஆனது. அவருடைய உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் கதவைத் திறந்துவிட்டது விதிமாற்றம்.

2015 நாடாளுமன்றத் தேர்தலில் எஸ்.என்.பி. அலை. ஸ்காட்லாந்தின் 59 எம்.பி. இடங்களில் 56 அந்தக் கட்சிக்கே. கிளாஸ்கோ சென்ட்ரல் தொகுதியில் லேபர் எம்.பி. அனஸ் சர்வாரை 7,662 வாக்கு வித்தியாசத்தில் தியூலிஸ் தோற்கடித்தார். இரண்டு பதவியையும் சேர்த்து வைத்துக்கொள்ளச் சட்டம் தடுக்கவில்லை. ஆனாலும் கவுன்சிலர் பதவியை விட்டார். ஆகஸ்டில் கால்ட்டனில் இடைத்தேர்தல் நடந்தது.

சரி, எம்.பி. ஆனதும் அதிகாரம் கூடியதா? இங்கேதான் பலர் தப்புக்கணக்குப் போடுகிறார்கள். குப்பை, பள்ளிக்கூடம், தெருவிளக்கு, வீட்டுமனை அனுமதி எல்லாம் கவுன்சிலோடு முடிந்துவிடும். வெஸ்ட்மின்ஸ்டருக்கு (லண்டன் நாடாளுமன்றத்துக்கு) போனால் விசா, வரி, போதைப்பொருள் சட்டம். சம்பளம் மூன்று மடங்குக்கு மேல் (2025 ஏப்ரல் நிலவரப்படி எம்.பி.க்கு வருடத்துக்கு 93,904 பவுண்டு, கவுன்சிலருக்கு சுமார் 26,000). ஆனால் 650 பேரில் ஒருவர், அதிலும் எதிர்க்கட்சி வரிசை.

கிளாஸ்கோவின் கிழக்குப் பகுதியில் சந்துகளிலும் திறந்த வெளியிலும் ஊசி போட்டுக்கொள்பவர்களின் பிரச்சினை பழையது. மேற்பார்வையில் போதைமருந்து எடுக்க ஓர் இடம் வேண்டும் என்றால் கவுன்சில் கையில் ஒன்றுமில்லை, 1971-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டம் லண்டன் வசம். தியூலிஸ் 2018-ல் அதற்கென்றே தனிநபர் மசோதா கொண்டுவந்தார், நிறைவேறவில்லை. கடைசியில் வழிவிட்டது நாடாளுமன்றமே அல்ல. அப்படிப்பட்ட மையத்துக்கு வருபவர்கள் மேல் போதைமருந்து வைத்திருந்ததற்காக வழக்குப் போடுவது பொதுநலன் ஆகாது என்று ஸ்காட்லாந்தின் தலைமை அரசு வழக்கறிஞர் டோரதி பெய்ன் 2023 செப்டம்பரில் சொன்னார். 2025 ஜனவரியில் கால்ட்டன் பகுதியின் ஹண்டர் தெருவில் ‘திசில்’ என்ற அந்த மையம் திறந்தபோது தியூலிஸ் எம்.பி.யாகவே இல்லை. தொகுதி மறுவரையறையில் கிளாஸ்கோ சென்ட்ரல் காணாமல் போய், 2024-ல் கிளாஸ்கோ நார்த்தில் நின்று லேபரின் மார்ட்டின் ரோட்ஸிடம் தோற்றிருந்தார். அந்த ரோட்ஸும் கிளாஸ்கோ கவுன்சிலராக இருந்தவர்தான்!

ஆக, கவுன்சில் அனுபவம் கட்சிக்குள் பேரைச் சம்பாதித்துத் தரும், தேர்வுக்குழு முன்னால் பேசக் கையில் ஏதாவது இருக்கும். அலை எந்தப் பக்கம் அடிக்கும் என்பது உங்கள் கையில் இல்லை. எம்.பி. கனவை மட்டும் நம்பிக் கவுன்சிலுக்குப் போகாதீர்கள் என்பேன். குழி விழுந்த சாலைக்காக வரும் பத்தாவது மின்னஞ்சலுக்கும் பொறுமையாகப் பதில் எழுத மனசு வருமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வரும் என்றால், கட்சி உறுப்பினர் அட்டை வாங்குவதைத் தள்ளிப்போட வேண்டாம். கட்சிகள் வேட்பாளரைப் பல மாதங்களுக்கு முன்பே முடிவு செய்துவிடும். அப்புறம் உங்கள் பகுதியில் கம்யூனிட்டி கவுன்சில் இருக்கிறதா பாருங்கள். அது உள்ளூர்க்காரர்களே நடத்தும் சம்பளமில்லாத அமைப்பு, கூட்டத்துக்கு யாரும் போகலாம். வார்டு கவுன்சிலர்களும் பெரும்பாலும் அங்கே வருவார்கள். அவர்களிடம் சனம் என்ன கேட்கிறது, அவர்கள் எதற்குத் திணறுகிறார்கள் என்று நாலைந்து மாதம் பின்வரிசையில் உட்கார்ந்து கவனியுங்கள்.