அப்பாவைச் சிரிக்க வைக்க ஒரு கல்யாணப் படம்

அக்கா கல்யாணத்துக்குப் பத்து நாள், மாம்பலம் வீடு முழுக்கச் சொந்தக்காரர்கள், அப்பா சமையல்காரர் கொடுத்த பட்டியலைப் பார்த்தே படபடக்கிறார், பாட்டி முதல் குழந்தைகள் வரை சேர்ந்து பார்க்க ஒரு படம் வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். தம்பி, யோசிக்காமல் ‘காதலிக்க நேரமில்லை’ போடுங்கள். 1964-இல் ஸ்ரீதர் எடுத்தது. கோடீஸ்வரச் சம்பந்தம் என்றதும் பெண்ணைப் பெற்ற பாலையா குழைகிற குழைவு இருக்கிறதே, அது உங்கள் பெரியப்பா, மாமா எல்லாருக்கும் தெரிந்த முகம். நாகேஷ் அவருக்குப் பேய்க்கதை சொல்லும் இடத்தில் நாகேஷை விட்டுவிட்டு பாலையாவின் கண்களையே பாருங்கள். முதலில் அலட்சியம், அப்புறம் மெல்ல மெல்ல நடுக்கம். வீடே அதிரும்.

அப்பாவுக்கென்று தனியாக ஒன்று: ‘ஃபாதர் ஆஃப் தி பிரைட்’, 1991-இல் வந்தது. மகள் கல்யாணச் செலவில் நொந்துபோன ஸ்டீவ் மார்ட்டின், கடையில் எட்டு சாசேஜுக்குப் பன்னிரண்டு பன் எதற்கு என்று பாக்கெட்டைப் பிரித்து நாலு பன்னை எடுத்துப் போட்டு, சிறைக்கே போய்விடுவார். என் மகள் கல்யாணத்தின்போது நானும் அப்படித்தான் இலைக்கணக்கில் சண்டை போட்டேன். பணம் காரணமில்லை, அவள் போகிறாளே என்பதுதான். அதை அக்காவும் அப்பாவும் சேர்ந்து பார்க்கட்டும்.

முதல் படத்தை மருதாணி வைக்கும் இரவில் போடுங்கள். கை காயும்வரை யாரும் எழுந்து போக மாட்டார்கள்.