அது ஜனவரிக் கணக்கு, தம்பி

கனடாவில் ஸ்காபரோவுக்கு வந்து ஏழு மாதம், வேலையிடத்துப் பெடியள் வருகிற சனிக்கிழமை சிம்கோ ஏரிக்கு ஐஸில் மீன் பிடிக்கக் கூப்பிடுகிறார்கள், லைசென்ஸ் வேண்டுமா, என்ன சாமான் வாங்குவது, ஐஸ் எத்தனை அங்குலம் இருந்தால் பயமில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். 18 வயதிலிருந்து 64 வரை லைசென்ஸ் கட்டாயம். சாமானை அந்தப் பெடியளிடமே இரவல் வாங்குங்கள், முதல் நாளே காசைக் கொட்ட வேண்டாம். மூன்றாவது கேள்விக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நீலம் பாய்ந்த தெளிந்த ஐஸ் நான்கு அங்குலம் இருந்தால் ஒரு ஆள் நடக்கலாம் என்பார்கள். சரிதான், ஆனால் அது ஜனவரிக் கணக்கு. மார்ச் நடுவில் ஒரு அடித் தடிப்பு என்று அளந்தே காட்டுவார்கள், நம்பி விடாதீர்கள். பகலில் உருகி, இரவில் உறைந்து, வெயில் உள்ளே இறங்கி, மெழுகுதிரிகளை நிறுத்தி வைத்துக் கட்டிய கட்டுப் போல நெட்டுக்குப் பிளந்திருக்கும். அலவாங்கால் ஒரு குத்துக் குத்துங்கள். நல்ல ஐஸ் 'டங்' என்று கையை உதறும். கெட்டது 'சொதக்' என்று வாங்கிக்கொள்ளும், கிண்டினால் ஊசி ஊசியாக உதிரும். சாம்பல் நிறம் கண்டால் மறுபேச்சில்லாமல் திரும்புங்கள். கரையோரம் வேறு முதலில் விட்டுவிடும். காலையில் ஏறிப் போன இடத்தில் பின்னேரம் தண்ணீர் நிற்கும்.

ஹாலண்ட் ஆறு குக்ஸ் பே என்ற விரிகுடாவில் சேருகிற வாய், சிம்கோ ஏரி கூச்சிசிங் ஏரிப் பக்கம் வடிகிற ஆதர்லி இடுக்கு, இரண்டுக்கும் கிட்டவே போக வேண்டாம். மேலே வெள்ளையாகப் பனி போர்த்திக் கிடக்கும், அடியில் நீரோட்டம் அரித்துக்கொண்டே இருக்கும்.

எனக்கு இதையெல்லாம் சொல்ல அப்போது ஆளில்லை. 1996. பருத்தித்துறைக்காரன், கடலோடு வளர்ந்தவனுக்கு ஏரி ஒரு பொருட்டா என்ற திமிர் வேறு. ஐஸ் மேல் மீன்பிடிக் குடில் வாடகைக்கு விட்ட ஆள் "பயமில்லை" என்று காசை வாங்கிப் பொக்கற்றில் போட்டார். அந்த ஆற்று வாய்ப் பக்கம்தான் வலது கால் தொடை வரை இறங்கியது. கத்த மூச்சு வரவில்லை. கூட வந்தவர் படுத்தபடி தடியை நீட்டி இழுத்தார். கார் வரை நடப்பதற்குள் ஜீன்ஸ் கால் தகரக் குழாய் போல இறுகி, உள்ளே ஏற மடங்கவில்லை.

முழுதாக விழுந்தால் முதல் ஒரு நிமிடம் மூச்சை ஒழுங்குபடுத்துவதே வேலை, கைகால் சொல்வழி கேட்பது ஏறக்குறைய பத்து நிமிடம் என்று மானிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கீஸ்பிரெக்ட் சொல்லுவார். வந்த பக்கமே திரும்பி, காலை உதைத்து, நெஞ்சால் ஏறி, உருண்டு வர வேண்டும். எழும்பி நிற்கக் கூடாது. ஐஸில் குத்திப் பிடித்து ஏற, ஆணி வைத்த கைப்பிடி இரண்டு விற்கிறது. அதைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள், பையில் வைத்தால் பயனில்லை.

இங்கே முப்பது வருடம் இருந்தும் ஏரிப்பக்கமே போகாத நம்மவர்கள் "உனக்கென்ன விசரா" என்பார்கள். அவர்களோடு எனக்கு வழக்கில்லை. நேற்று வந்து, வீடியோவுக்காக ஜீப்பை ஐஸில் ஏற்றி, கோப்பிக் கோப்பைகளை அங்கேயே வீசிவிட்டு வருகிறவர்களைத்தான் கண்ணில் காட்டக் கூடாது.

அம்மா இங்கு வந்த முதல் மாரியில் பேர்ச் மீனை மிளகாய்த்தூள் பிரட்டிப் பொரித்துக் கொடுத்தேன். "முள் குறைவுதான், ஆனால் உப்புத் தண்ணி காணாத மீன்" என்று தட்டைத் தள்ளினா. காலில் நடந்ததை அவவுக்குக் கடைசி வரை சொல்லவில்லை. அடுத்த வருடம் டிசம்பரிலேயே கேட்கத் தொடங்கிவிட்டா, "ஏரி இன்னும் உறையேல்லையா?"