களியும் குழம்பும் இருந்தால் சரிவிகித உணவு ஆகிவிடுமா?

பாதிதான் ஆகும். உழைக்கத் தெம்பு, தசைக்குப் புரதம், குடலுக்கு நார், ரத்தத்துக்கு இரும்பு என எல்லாம் ஒரே நாள் சாப்பாட்டில் தேவையான அளவு கிடைப்பதே சரிவிகித உணவு.

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ராகிக்குப் பஞ்சமில்லை. 100 கிராம் ராகியில் 340 மில்லிகிராமுக்குக் குறையாத கால்சியம் உண்டு. புரதம் சுமார் 7 கிராம்தான். அதிலும் லைசின் என்ற கூறு குறைவு. கொள்ளு, துவரை, அவரை, மொச்சையில் அது தாராளம். அதனால் களிக்குப் புளித் தண்ணீராக ஓடும் குழம்பைவிட, கெட்டியாகக் கடைந்த கொள்ளு அல்லது பருப்பு போட்டுக் கடைந்த கீரைதான் பொருத்தம்.

தட்டில் பாதி காயும் கீரையும், கால் பங்கு களியோ சோறோ, மீதி பருப்பு, முட்டை, மீன். பெரும்பாலும் தவறுவது முதல் பாதியில்தான்: மலை போல் சோறு, ஓரத்தில் ஒரு ஸ்பூன் பொரியல். ஒரே நாளில் மாற்றினால் பசித்து, பழையபடி ஆகிவிடும். வாரத்துக்கு ஒரு கரண்டி சோற்றைக் குறைத்து, அங்கே ஒரு கரண்டி பொரியல் வையுங்கள்.

வெறும் சோறு தென்னை ஓலை போல, குப்பென்று எரிந்து அடங்கும். பருப்பும் காயும் சேர்ந்தால் புளிய விறகு மாதிரி நின்று எரியும். செரிமானம் மெதுவாக நடப்பதே காரணம்.

சாப்பிட்ட கையோடு டீ வேண்டாம், கீரையின் இரும்பு உடம்பில் சரியாகச் சேராது. ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கலாம்.

“ராகி சர்க்கரையை ஏற்றாது” என்பது தவறு: அதுவும் மாவுச்சத்துதான், கூழாகக் கரைத்தால் இன்னும் வேகமாகவே ஏறும்.