பிரஷர் ஏறி மூளை வீங்கினால்: கேள்வி பதில்

வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். நான் பொது மருத்துவப் பிரிவில் வேலை பார்க்கும் டாக்டர். இங்கிருந்து யாருக்கும் மருந்தின் அளவு சொல்ல மாட்டேன். உங்கள் வீட்டில் இந்த நிமிடம் யாருக்காவது வலிப்போ பார்வை மறைவோ இருந்தால் இதைப் படித்துக்கொண்டிருக்க வேண்டாம், 108-ஐ அழையுங்கள்.

சேலத்திலிருந்து ஒரு அக்கா: தங்கைக்குக் குழந்தை பிறந்து ஐந்தாம் நாள். வீட்டுக்கு வந்த பிறகு தலை பிளக்கிறது என்றாள். சாயங்காலம் "கண்ணே தெரியலக்கா" என்றாள். அப்புறம் வலிப்பு. ஆஸ்பத்திரியில் பிரஷர் 180/110. எம்.ஆர்.ஐ. எடுத்து 'பிரெஸ்' என்று எழுதியிருக்கிறார்கள். இரண்டு நாளில் பார்வை திரும்பிவிட்டது. அவள் கண்ணில் என்ன கோளாறு?

கண்ணில் ஒன்றுமில்லை. டார்ச் அடித்தால் கண்ணின் கருமணி சுருங்கியிருக்கும், விழித்திரையும் பெரும்பாலும் நன்றாகவே இருந்திருக்கும். கண் அனுப்புவதைப் படித்துப் புரிந்துகொள்ளும் இடம் மூளையின் பின்பக்கத்தில், பிடரிக்கு மேலே இருக்கிறது. அந்த இடம் நீர் கோத்து வீங்கியதால்தான் பார்வை போனது. இந்த வீக்கத்துக்கு வைத்த ஆங்கிலச் சுருக்கப் பெயர்தான் 'பிரெஸ்'.

மூளையின் சிறு ரத்தக்குழாய்கள் ஏரி மதகு மாதிரி வேலை செய்பவை. பிரஷர் ஏறினால் தாமாகச் சுருங்கி, உள்ளே போகும் ரத்தத்தை அளவோடு வைத்துக்கொள்ளும். ஆரோக்கியமான ஒருவருக்குச் சராசரி அழுத்தம் சுமார் 60 முதல் 150 வரை இது நடக்கும். அதைத் தாண்டினால் குழாய்கள் பிடி தளர்ந்து விரியும், ரத்தத்தின் நீர்ப்பகுதி மூளைத் திசுவுக்குள் கசியும். பின்மூளைக்குப் போகும் குழாய்களில் அவற்றைச் சுருக்கும் நரம்பிழைகள் குறைவு. முதலில் அடிபடுவது அந்தப் பக்கம் என்பதற்குப் பரவலாகச் சொல்லப்படும் விளக்கம் இதுதான்.

180/110-இன் சராசரி சுமார் 133, அது அந்த எல்லைக்குக் கீழேதானே என்று கேட்பீர்கள். சரிதான். ஆனால் கர்ப்பகால ரத்த அழுத்த நோயில் குழாயின் உள்சுவரே கெட்டுப்போயிருக்கும், அதனால் எல்லை வருவதற்கு முன்பே கசியத் தொடங்கும். இதில் எண்ணைவிட ஏறிய வேகத்தைப் பாருங்கள். வழக்கமாக 110/70 இருக்கும் பெண்ணுக்கு ஓரிரு நாளில் 180 ஏறுவதும், பத்து வருடமாக 180-உடன் நடமாடும் தாத்தாவும் ஒன்றல்ல.

பிரஷரால் மூளை கலங்குவதை 1928-லேயே தனி நோயாக எழுதி வைத்துவிட்டார்கள். ஸ்கேனில் பின்பக்கம் வெளுத்துத் தெரியும் இந்த வடிவத்தை அடையாளம் காட்டியது 1996-ல் வந்த ஒரு கட்டுரை. அதில் இருந்தவர்கள் வெறும் 15 பேர். அவர்களிலும் பிரசவமானவர்கள், சிறுநீரக நோயாளிகள், உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள் என்று எல்லோரும் இருந்தார்கள். இன்று இங்கே வந்திருக்கும் கேள்விகளும் கிட்டத்தட்ட அதே ஆட்களிடமிருந்துதான்.

அதே அக்கா: கர்ப்பத்தில் பிரஷரே இல்லை என்று அட்டையில் இருக்கிறது. பிறகு எப்படி? பக்கத்து வீட்டில் 'பிரசவ ஜன்னி, காத்து பட்டிருக்கும், மந்திரித்து விடுங்கள்' என்றார்கள்.

பிரசவமான மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாள் வரை பிரஷர் ஏறுவது சகஜம். கர்ப்பத்தில் உடம்பில் தேங்கிய நீர் ரத்தத்துக்குத் திரும்பும் காலம் அது. நம் ஊரில் பெரும்பாலானவர்கள் அதற்குள் டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். தாய்க்குப் பத்தியம் பார்க்க ஆள் இருக்கும், பிரஷர் பார்க்க ஆள் இருக்காது. பேறுகால வலிப்பு பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்தில் வரும் என்றாலும், ஆறு வாரம் வரை வரலாம்.

இன்னொன்று. சிசேரியன் ஆனவர் தலைவலி என்றால் 'முதுகில் ஊசி போட்டார்கள் இல்லையா, அதனால்தான்' என்று வீட்டிலேயே முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்த ஊசித் தலைவலி எழுந்து உட்கார்ந்தால் கூடும், படுத்தால் குறையும். படுத்தும் குறையாத தலைவலி, கண்ணில் பூச்சி பறப்பது, மேல்வயிற்று வலி, திடீரென்று முகம் வீங்குவது, இதில் எது இருந்தாலும் முதலில் பிரஷர் பாருங்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரண்டு நிமிட வேலை. 140/90-க்கு மேல் இருந்தால் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். பிரசவமானவருக்கு 160/110 என்றால் அது அவசரம்.

மந்திரிப்பதைப் பற்றி நான் சண்டை போடப் போவதில்லை. ஆம்புலன்ஸ் ஏற்றிவிட்டு, நோயாளி ஆஸ்பத்திரியில் இருக்கும்போது கோயிலில் விபூதி வாங்கி வந்து பூசுங்கள். வரிசை மாறக் கூடாது, அவ்வளவுதான்.

ஒரு கணவர், திண்டுக்கல்: வலிப்புக்கு மெக்னீசியம் என்று இரண்டு பக்கமும் இடுப்பில் பெரிய ஊசி போட்டார்கள். மனைவி வலியில் அலறிவிட்டாள். அடிக்கடி முழங்காலைத் தட்டித் தட்டிப் பார்த்தார்கள். இது எதற்கு?

பேறுகால வலிப்புக்கு அதைவிட நல்ல மருந்து கிடையாது. வலிப்பு வரும் அபாயமுள்ள பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் செய்து 2002-ல் வெளியான பெரிய ஆய்வில், அது வலிப்பைப் பாதிக்கும் கீழே குறைத்தது. நரம்பில் 4 கிராம், பிட்டத்தில் பக்கத்துக்கு 5 கிராம் என்று போடும் முறை நம் அரசு ஆஸ்பத்திரிகளில் பழக்கமானது. வலிக்கத்தான் செய்யும். மருந்து உடம்பில் அதிகமாகிவிட்டால் முதலில் மறைவது முழங்கால் துடிப்பு, அதன் பிறகுதான் மூச்சு பாதிக்கும். அதனால் தட்டிப் பார்ப்பார்கள், மூச்சை எண்ணுவார்கள், சிறுநீர் அளப்பார்கள். மீறினால் கால்சியம் குளுகோனேட் கொடுத்து மாற்றுவார்கள். அடிக்கடி தட்டினார்கள் என்றால் உங்கள் மனைவியை ஒழுங்காகக் கவனித்திருக்கிறார்கள்.

ஒரு மகன், மதுரை: அப்பாவுக்கு 58 வயது. வாரம் மூன்று டயாலிசிஸ். கல்யாண வேலையில் ஒரு தடவை விட்டுப்போனது. மறுநாள் பேச்சு குழறி, ஆளைத் தெரியாமல் விழித்தார், பிறகு வலிப்பு. பிரஷர் 220/120. ஐ.சி.யூ.வில் முதல் நாள் முழுக்க 160-லேயே வைத்திருந்தார்கள். ஏன் உடனே 120-க்குக் கொண்டுவரவில்லை என்று கேட்டதற்கு யாரும் நின்று பதில் சொல்லவில்லை.

பதில் சொல்லியிருக்க வேண்டும், நியாயமான கேள்விதான். அவர்கள் செய்தது சரி.

வருடக்கணக்கில் பிரஷர் உள்ளவரின் மூளைக் குழாய்கள் உயர்ந்த அழுத்தத்துக்கே பழகி, தடித்துப்போயிருக்கும். நான் மேலே சொன்ன 60–150 என்ற எல்லை அவருக்கு மேல்நோக்கி நகர்ந்திருக்கும். நமக்கு நார்மலான 120/80, அவர் மூளைக்குப் பட்டினி. தடாலென்று இறக்கினால் வீக்கம் வடிவதற்கு முன்பே பக்கவாதம் வரலாம், இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் ரத்தம் குறையலாம். அதனால் முதல் ஒரு மணி நேரத்தில் நாலில் ஒரு பங்குக்கு மேல் குறைக்கக் கூடாது என்பது விதி. 220-இல் வந்தவர் 170 பக்கம் வந்தால் போதும். அடுத்த சில மணி நேரத்தில் 160/100 பக்கம், பிறகு ஓரிரு நாளில் மெதுவாகக் கீழே. லேபிடலால், நிகார்டிபின் போன்ற மருந்துகளை நரம்பு வழியாக, சொட்டுச் சொட்டாகக் கூட்டியும் குறைத்தும் கொடுப்பது இதற்காகத்தான். பெருந்தமனி கிழிந்த நோயாளி மாதிரி சிலருக்கு மட்டும் வேகமாக இறக்குவார்கள், அது வேறு கதை.

இதையே வீட்டுக்கும் சொல்கிறேன். பிரஷர் ஏறினால் நிஃபிடிபின் கேப்ஸ்யூலை ஊசியால் குத்தி நாக்குக்கு அடியில் விடும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. செய்யாதீர்கள். அது எவ்வளவு இறக்கும், எப்போது நிற்கும் என்று யார் கையிலும் இல்லை.

அப்பாவுக்கு உண்மையான மருந்து, தேங்கிய நீரை டயாலிசிஸில் எடுப்பது. இனி ஒரு தடவைகூட விட வேண்டாம். விசேஷம் என்றால் முன்கூட்டியே சென்டரில் சொல்லி நாளை மாற்றிக்கொள்ளலாம். ரத்தம் ஊற போடும் எரித்ரோபாய்ட்டின் ஊசியும் பிரஷரை ஏற்றும், அதை எழுதியவரிடம் நடந்ததைச் சொல்லுங்கள்.

கோவை: சி.டி. ஸ்கேன் நார்மல் என்றுவிட்டு, மறுபடி எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார்கள். காசு பிடுங்குகிறார்களா?

இந்த விஷயத்தில் இல்லை. சி.டி. முதலில் ரத்தக்கசிவு இருக்கிறதா என்று பார்ப்பதற்கு. இந்த வீக்கம் அதில் தெரியாமலே போகலாம், எம்.ஆர்.ஐ.யில்தான் தெளிவாகத் தெரியும். பிரசவமான பெண் என்றால் இன்னொரு காரணமும் உண்டு. மூளையின் சிரைகளில் ரத்தம் உறைவதும் இதே தலைவலி, இதே வலிப்போடு வரும். பிரசவத்துக்குப் பிறகு தண்ணீர் குடிக்க விடாமல் வைத்திருக்கும் வீடுகள் அதற்கு வழி செய்கின்றன. அதன் வைத்தியம் வேறு, ரத்தம் உறையாமல் இருக்க மருந்து. இரண்டையும் பிரித்துப் பார்த்தே ஆக வேண்டும்.

விழுப்புரம்: 9 வயதுப் பையன். காலில் சிரங்கு வந்து ஆறியது. இரண்டு மூன்று வாரம் கழித்துக் காலையில் முகம் உப்பியது, மூத்திரம் கோலா நிறத்தில் போனது. மூன்றாம் நாள் வாந்தி, வலிப்பு. 'குழந்தைக்கு பிரஷர்' என்கிறார்கள். குழந்தைக்கு வருமா?

வரும், அதுவும் நீங்கள் எழுதியிருப்பது பாடப்புத்தகத்தில் உள்ளபடியே இருக்கிறது. சிரங்கு அல்லது தொண்டைப்புண்ணை உண்டாக்கும் ஒரு வகை பாக்டீரியாவுக்கு எதிராக உடம்பு காட்டும் எதிர்ப்பு, சில வாரம் கழித்து சிறுநீரகத்தைத் தாக்கும். உப்பும் நீரும் தேங்கி பிரஷர் ஏறும். ஒன்பது வயதில் 100/60 பக்கம் இருக்க வேண்டிய இடத்தில் 150/100 என்றால், பெரியவர்களுக்கு 200-க்கு மேல் ஏறியதைப் போல. நீர் இறங்க மருந்து, பிரஷர் மருந்து, உப்புக் கட்டுப்பாடு என்று போவார்கள். பெரும்பாலான குழந்தைகள் முழுக்கத் தேறிவிடுவார்கள். மூத்திரப் பரிசோதனை சில காலம் நார்மலாகாமல் இருக்கலாம், பயப்படாமல் அவர்கள் சொல்லும் தேதிக்குப் போய்க் காட்டுங்கள். மற்றவர்களுக்கு: முகம் உப்பிய குழந்தையை யார் பார்த்தாலும், குழந்தைக்கான சிறிய பட்டையில் பிரஷர் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். பலர் குழந்தைகளுக்குப் பார்ப்பதே இல்லை.

சென்னை: சிறுநீரக மாற்று செய்து நாலு மாதம். மாற்றிய உறுப்பை உடம்பு தள்ளாமல் இருக்க டாக்ரோலிமஸ் சாப்பிடுகிறேன். பிரஷர் 140/90 மட்டுமே இருந்தும் பிரெஸ் வந்தது. மருந்தை நிறுத்தலாமா?

நீங்களாக நிறுத்தவே கூடாது, மாற்றிய சிறுநீரகம் போய்விடும். டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின், சில புற்றுநோய் மருந்துகள், உடம்பின் எதிர்ப்பு சக்தி தன்னையே தாக்கும் லூபஸ் நோய், கடும் கிருமித் தொற்று இவையெல்லாம் குழாயின் உள்சுவரை நேரடியாகக் கெடுப்பவை. அதனால் பிரஷர் பெரிதாக ஏறாமலும் வரும். டாக்டர் ரத்தத்தில் அளவு பார்த்து, குறைப்பார் அல்லது வேறு மருந்துக்கு மாற்றுவார். பூஞ்சை மாத்திரை, கிளாரித்ரோமைசின், டில்டியாசெம் போன்றவை டாக்ரோலிமஸ் அளவை ஏற்றும். மெடிக்கல் ஷாப்பில் எதையும் கேட்டு வாங்காதீர்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து: அக்காவுக்கு இதே வருத்தம் வந்து வலிப்புக் குளிசை தந்திருக்கினம். ஆயுள் முழுக்கக் குடிக்க வேணுமோ?

பெரும்பாலும் வேண்டாம். வீக்கம் வடிந்து, ஸ்கேன் தெளிந்து, வலிப்பு திரும்பவில்லை என்றால் சில வாரங்களிலோ மாதங்களிலோ குறைத்து நிறுத்திவிடுவார்கள். நிறுத்தும் தேதியை டாக்டர் சொல்லட்டும். பிரஷர் குளிசை வேறு கணக்கு, அது நீளலாம். அதுவரை வாகனம் ஓட்ட வேண்டாம், கிணற்றடிக்குத் தனியே போக வேண்டாம். அங்கே ஆம்புலன்ஸுக்கு 1990.

தஞ்சாவூர்: வலிப்பு வரும்போது கையில் சாவி கொடுக்கலாமா?

வேண்டாம். வாயில் ஸ்பூன், விரல், தண்ணீர் எதுவும் வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், கர்ப்பிணி என்றால் இடப்பக்கம். வலிப்பு எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று கடிகாரம் பாருங்கள்.

திருநெல்வேலி: முழுக்கக் குணமாகுமா? அடுத்த பிள்ளைக்கு மறுபடி வருமா?

காரணத்தைச் சீக்கிரம் பிடித்தால் பெரும்பாலானவர்கள் சில நாளில், சிலர் சில வாரத்தில் தேறுகிறார்கள். ஆனால் எல்லோரும் இல்லை. வீக்கத்தோடு ரத்தக்கசிவு வந்தவர்கள், வலிப்பு மணிக்கணக்கில் நிற்காதவர்கள் குறையோடு மிஞ்சுவதும் உண்டு, இறப்பதும் உண்டு. அடுத்த கர்ப்பத்தில் பிரஷர் வர வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். கர்ப்பம் உறுதியானதுமே நடந்ததைச் சொன்னால், பன்னிரண்டு வாரத்துக்கு மேல் குறைந்த அளவு ஆஸ்பிரின் தொடங்குவார்கள், பிரசவத்தை வசதியுள்ள ஆஸ்பத்திரியில் திட்டமிடுவார்கள். பிள்ளை பெற்றதோடு கணக்கு முடியவில்லை. இப்படிப்பட்ட பெண்களுக்குப் பின்னாளில் பிரஷரும் இதய நோயும் கூடுதலாக வருகின்றன. வருடம் ஒருமுறை பாருங்கள்.

கரூர்: முருங்கைக்கீரை, பூண்டு சாப்பிட்டு மாத்திரையை விட்டுவிடலாமா?

கீரை சாப்பிடுங்கள், மாத்திரையும் சாப்பிடுங்கள். ஐ.சி.யூ.வுக்கு இந்த நோயோடு வரும் நடுத்தர வயதுக்காரர்களிடம் விசாரித்தால், 'நல்லா இருந்தேன், அதனால நிறுத்திட்டேன்' என்ற பதில்தான் அதிகம். அதிலும் குளோனிடின் மாத்திரையைச் சட்டென்று விட்டால் பிரஷர் முன்பைவிட மேலே துள்ளும். வாங்க முடியவில்லை என்றால் மக்களைத் தேடி மருத்துவம் ஊழியரிடம் பெயர் கொடுங்கள், மாத்திரை வீட்டுக்கே வரும்.

ஓசூர்: வீட்டு மெஷினில் 178/104 காட்டுகிறது. லேசான தலைவலி. இதைப் படித்துவிட்டு நடுங்கிக்கொண்டிருக்கிறேன்.

நடுக்கமே பத்துப் புள்ளி ஏற்றியிருக்கும். மூத்திரம் போய்விட்டு வந்து, முதுகைச் சாய்த்து, காலைத் தரையில் ஊன்றி, பேசாமல் ஐந்து நிமிடம் உட்காருங்கள். மேல்கையில் கட்டும் பட்டை, நெஞ்சு உயரத்தில். மணிக்கட்டு மெஷினை நம்பாதீர்கள், கைக்குச் சிறிய பட்டையும் கூட்டித்தான் காட்டும். ஒரு நிமிடம் விட்டு இரண்டாவது முறை பாருங்கள். நீங்கள் கர்ப்பிணியோ புதிதாகப் பிரசவமானவரோ இல்லை, பேச்சு, பார்வை, நினைவு, கை கால் எல்லாம் சரியாக இருக்கின்றன என்றால் இன்று இரவு ஓட வேண்டியதில்லை, வழக்கமான மாத்திரையை வழக்கமான நேரத்தில் போட்டுக்கொண்டு நாளை டாக்டரைப் பாருங்கள். கூடுதலாக ஒன்று போடாதீர்கள். குழப்பம், பார்வை மங்கல், ஓயாத வாந்தி, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் இதில் ஒன்று சேர்ந்தாலும் எண் என்னவாக இருந்தாலும் உடனே கிளம்புங்கள். இரண்டு அளவுகளையும் தேதி, மணியோடு எழுதிக்கொண்டு போங்கள். முதல் எண் பயமாக இருக்கிறது என்று அதை விட்டுவிட வேண்டாம்.