வெஸ்டர்ன் தீம் பார்ட்டிக்குச் சாப்பாடும் பானமும் எப்படித் திட்டமிடுவது?

நீங்கள் கேட்டிருப்பது: ஜூன் மாதம், டல்லாஸ் பக்கம், வீட்டு பேக்யார்டில் கணவரின் நாற்பதாவது பிறந்தநாள். நாற்பது பேர் வருகிறார்கள், பாதிப் பேர் சைவம். கௌபாய் தீம் முடிவாகிவிட்டது, பிரிஸ்கெட்டை (மாட்டின் மார்புப் பகுதி இறைச்சி) தவிர வேறெதுவும் தோன்றவில்லை.

நானும் டெக்ஸஸில்தான், ஆஸ்டின் பக்கத்தில் பதினோரு வருடமாக இருக்கிறேன். இதே மாதிரி விருந்தை இரண்டு முறை நடத்தியிருக்கிறேன். முதல் தடவை நன்றாகவே சொதப்பினேன், இரண்டாவது தேறியது. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு விஷயம். அழைப்பில் "வெஸ்டர்ன் தீம்" என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். நான் போட்டேன். ஒரு தம்பதி கோட்டு சூட்டும் நீளமான கவுனுமாக 98 டிகிரி வெயிலில் வந்து இறங்கினார்கள். மேற்கத்திய உடை என்றால் அதுதானே என்று அவர்கள் நினைத்ததில் என்ன தப்பு? "கௌபாய்" என்றே எழுதிவிடுங்கள்.

சரி, சாப்பாடு. பிரிஸ்கெட்டை நடுவில் வைத்து யோசிப்பதை விட்டுவிட்டு பீன்ஸ் சட்டியில் இருந்து ஆரம்பியுங்கள். நம் பச்சை பீன்ஸ் இல்லை, ராஜ்மா மாதிரிக் காய்ந்த கொட்டை. சைவர்களுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. மாடு ஓட்டிப் போன கௌபாய்கள் நிஜமாகச் சாப்பிட்டதும் பெரும்பாலும் அதைத்தான். ஓட்டிப் போகிற மாடு விற்பனைச் சரக்கு, அதை தினமும் வெட்டித் தின்றால் முதலாளிக்கு என்ன மிஞ்சும்? 1866-இல் சார்லஸ் குட்நைட் என்ற டெக்ஸஸ் பண்ணைக்காரர், ராணுவம் கழித்துப் போட்ட ஒரு வண்டியை வாங்கி, அதன் பின்பக்கம் இழுப்பறைகள் வைத்த பெட்டி ஒன்றைப் பொருத்தினார். பெட்டியின் மூடியைக் கீழே இறக்கினால் அதுவே சமையல் மேஜை. இதுதான் சக்வாகன். அதில் ஏறியதெல்லாம் கெட்டுப்போகாத சாமான்: பின்டோ பீன்ஸ், உப்புப் போட்ட பன்றி இறைச்சி, மாவு, காப்பிக்கொட்டை, உலர்ந்த ஆப்பிள், புளிக்க வைத்த மாவு ஒரு ஜாடி. சமையல்காரரும் ஒருவர்தான். ஆக, நாலைந்து பண்டத்தைப் பெரிய அளவில் செய்வதுதான் இந்தத் தீமுக்குப் பொருந்தும். பதினாறு வகை சைடு டிஷ் போட்டால் அது கல்யாணப் பந்தி.

பீன்ஸுக்கு வருகிறேன். நாற்பது பேருக்கு ஐந்து பவுண்டு காய்ந்த பின்டோ பீன்ஸ் போதும். ஒரு பவுண்டு வெந்தால் ஏறக்குறைய ஆறு கப் வரும். முதல் நாள் இரவே ஊற வையுங்கள். வெங்காயம், பூண்டு, சீரகம், ஹலப்பெனோ மிளகாய் போட்டு மெதுவாக வேகட்டும். தக்காளியை மட்டும் பீன்ஸ் வெந்த பிறகு சேருங்கள், புளிப்பு முன்னாலேயே விழுந்தால் மணிக்கணக்கில் விறைத்துக்கொண்டு நிற்கும். பேக்கன் (உப்பும் புகையும் போட்ட பன்றி இறைச்சி) கொடுக்கும் புகை மணத்துக்குப் பதிலாக சிப்போட்லே மிளகாய் இரண்டு. புகையில் உலர்த்திய ஹலப்பெனோதான் அது, சைவச் சட்டியில் அதுவே வேலையை முடித்துவிடும்.

டப்பா பீன்ஸ் வாங்கி நான் பட்டதைச் சொல்ல வேண்டும். முதல் விருந்தில் நேரமில்லை என்று எட்டு டப்பாவை உடைத்துக் கொட்டிச் சூடாக்கி, "வெஜ்" என்று அட்டையும் எழுதி வைத்தேன். தோழியின் மாமியார் பாதி தட்டு சாப்பிட்ட பிறகு, அவர் பேரன் குப்பைத் தொட்டியில் கிடந்த டப்பாவை எடுத்து எழுத்துக் கூட்டிப் படிக்கிறான்: "பேக்கன்." அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை. தட்டைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய் வாய் கொப்பளித்தார். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். தப்பு முழுக்க என்னுடையது, டப்பாவில் தெளிவாகத்தான் போட்டிருந்தது.

அதற்குப் பிறகு எதை வாங்கினாலும் திருப்பிப் பார்க்கிறேன். டெக்ஸஸ் பக்கத்துச் சமையலில் மாமிசம் ஒளிந்திருக்கும் இடங்கள் நிறைய. மசித்த பீன்ஸிலும் கோதுமை டார்ட்டியாவிலும் பன்றிக் கொழுப்பு இருக்கலாம், லேபிளில் "லார்டு" என்று போட்டிருப்பார்கள். பார்பிக்யூ சாஸில் வூஸ்டர்ஷயர் சாஸ் சேர்த்திருந்தால் அதில் பெரும்பாலும் நெத்திலி மாதிரி ஒரு சின்ன மீன் உண்டு. மார்ஷ்மெல்லோவில் ஜெலட்டின், அது விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது. கார்ன்பிரெட் என்ற சோளமாவு ரொட்டியில் முட்டை, சில கலவைகளில் லார்டும். உங்கள் விருந்தாளிகளில் முட்டையும் தொடாதவர்கள் எத்தனை பேர் என்று இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நான் ஒரு தட்டு கார்ன்பிரெட்டை முட்டைக்குப் பதில் தயிர் விட்டுச் செய்தேன். கொஞ்சம் உதிர்ந்தது, ருசியில் குறையில்லை.

சைவர்களுக்கு இரண்டாவதாக டெக்ஸஸ் கேவியர். பேரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், மீன் முட்டைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வேகவைத்த தட்டைப்பயறை எண்ணெய், வினிகர், வெங்காயம், பூண்டு போட்டு ஊறவைப்பது. 1940 வாக்கில் ஹெலன் கார்பிட் என்ற சமையல் நிபுணர் பிரபலமாக்கியது. அவர் நியூயார்க்கில் பிறந்து டெக்ஸஸுக்கு வந்தவர். இப்போது குடைமிளகாய், சோளம், கொத்தமல்லி எல்லாம் சேர்க்கிறார்கள். முந்தின நாளே செய்து ஃபிரிட்ஜில் வைத்துவிடலாம், அடுப்பு வேலை இல்லை. இரண்டாவது விருந்தின்போது கோபியிலிருந்து அம்மா வந்திருந்தார். ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டுவிட்டு, "ஏங்கண்ணு, தட்டப்பயித்துல ஊறுகாய் போட்டிருக்கற?" என்றார். கார்பிட் தன் சமையல் புத்தகத்தில் இதற்கு வைத்த பேரும் ஏறக்குறைய அதுதான், ஊறுகாய் போட்ட தட்டைப்பயறு!

பிரிஸ்கெட் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மாட்டிறைச்சி சாப்பிடுபவர்கள் இருபது பேர் என்றால் பதினான்கு பவுண்டு முழுத் துண்டு ஒன்று போதும். கொழுப்பு நீக்கி, வெந்து சுருங்கி, கிட்டத்தட்ட பாதிதான் மிஞ்சும். தலைக்கு மூன்றில் ஒரு பவுண்டு வரும். சைவம் இல்லாதவர்களிலும் மாடு சாப்பிடாதவர்கள் இருப்பார்கள், அவர்களுக்குக் கோழித் தொடை, சைவத்துக்குத் தனி இடுக்கி, தனி கரண்டி.

முதல் தடவை காலை ஏழு மணிக்கு ஸ்மோக்கரில் (விறகுப் புகையில் மெதுவாக வேக வைக்கும் அடுப்பு) ஏற்றி, ஆறு மணிக்குப் பரிமாறலாம் என்று கணக்குப் போட்டோம். மதியம் ஒரு மணிக்கு உள்சூடு 160 டிகிரி ஃபாரன்ஹீட். நாலு மணிக்கும் 160. வீட்டுக்காரர் தெர்மாமீட்டரைத் தட்டித் தட்டிப் பார்க்கிறார், பேட்டரியை மாற்றுகிறார். கடைசியில் பக்கத்து வீட்டுப் பெரியவர் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தார். இறைச்சிக்கு வியர்க்கிறது, அந்த ஈரம் ஆவியாகும்போது சூட்டையும் கொண்டுபோய்விடுகிறது, அது முடிகிற வரைக்கும் முள் நகராது என்று விளக்கினார். இறைச்சிக் கடைக்காரர்கள் சுற்றித் தரும் பழுப்புத் தாளில் இறுக்கிச் சுற்றி மறுபடி வைக்கச் சொன்னார். அன்றைக்குச் சாப்பிட்டது ராத்திரி ஒன்பதரைக்கு, குழந்தைகள் அதற்குள் சிப்ஸ் தின்றே தூங்கிவிட்டன. நீங்கள் முதல் நாள் இரவே ஏற்றிவிடுங்கள். 203 டிகிரி வாக்கில் எடுத்து, தாளோடு துண்டில் சுற்றி, ஐஸ் போடாத ஐஸ் பெட்டிக்குள் வைத்து மூடினால் மூன்று நாலு மணி நேரம் சுடச்சுட இருக்கும். சீக்கிரம் வெந்தால் நஷ்டமில்லை, தாமதமானால்தான் மானம் போகும். அல்லது கடையில் வாங்கிவிடுங்கள், யாரும் கேட்கப்போவதில்லை.

சில்லி, அதாவது மிளகாய் போட்ட மாட்டிறைச்சிக் குழம்பு, வைக்கலாமா என்றும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். ஜூன் வெயிலில் வேண்டாம். வைத்தே தீருவேன் என்றால் பீன்ஸ் சட்டிக்கு அந்தப் பேரை வைக்காதீர்கள். 1977 முதல் டெக்ஸஸின் அதிகாரபூர்வ மாநில உணவு அது, அதில் பீன்ஸ் போட்டால் இங்குள்ளவர்கள் அடிக்க வருவார்கள். நம் ஊரில் பிரியாணியில் உருளைக்கிழங்கு போட்ட கதைதான்.

இனிப்புக்கு ஒன்றே ஒன்று: பீச் காப்ளர். ஜூனில் ஃபிரெடரிக்ஸ்பர்க் பக்கத்துப் பீச் பழம் வந்துவிடும், இல்லையென்றால் டப்பா பீச்சே போதும். அதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. டப்பாவில் அடைத்த பீச்சும் தக்காளியும் அந்தக் காலக் கௌபாய்களுக்குப் பெரிய விருந்து, "ஏர்டைட்" என்று செல்லப் பெயரே வைத்திருந்தார்கள். ஒரு கப் செல்ஃப் ரைசிங் மாவு (பேக்கிங் பவுடரும் உப்பும் கலந்தே வரும் மைதா), ஒரு கப் சர்க்கரை, ஒரு கப் பால். தட்டில் நூறு கிராமுக்குச் சற்று மேல் வெண்ணெயை உருக்கி, மாவை ஊற்றி, மேலே பழத்தைப் பரப்பி ஓவனில் வைத்தால் மாவு எழும்பிப் பழத்தை மூடிக்கொள்ளும். முட்டையே கிடையாது. நாற்பது பேருக்கு இப்படி நாலு தட்டு.

பானம்தான் எல்லோரும் கோட்டை விடும் இடம். மூன்று மணி நேர விருந்து என்றால் முதல் மணி நேரத்தில் ஆளுக்கு இரண்டு கப், பிறகு மணிக்கு ஒன்று. ஆக 160 கப், அதாவது தண்ணீரோடு சேர்த்துப் பத்து கேலன். ஐஸ் தலைக்கு இரண்டு பவுண்டு, இருபது பவுண்டு மூட்டை நாலு. அதிகமாகத் தெரியும், வெயிலைப் பார்த்த பிறகு தெரியாது. விருந்து தொடங்க ஒரு மணி நேரத்துக்கு முன் யாரையாவது அனுப்பி வாங்குங்கள். பானங்களைச் சாப்பாட்டு மேஜைக்கு எதிர்மூலையில் வையுங்கள், இல்லையென்றால் தண்ணீருக்கு வந்தவர் பீன்ஸ் வரிசையை மறித்துக்கொண்டு நிற்பார்.

லெமனேடும் ஐஸ் டீயும் எளிது. டீ சூடாக இருக்கும்போதே சர்க்கரையைக் கரைத்துவிடுங்கள், ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டால் கசப்பு அடங்கும். குழந்தைகளைக் குஷிப்படுத்தியது மூன்றாவது பானம். பழைய கௌபாய் கதைகளில் மது குடிக்காதவன் சலூனில் போய்க் கேட்பது சார்சபரில்லா. அது ஸ்மைலாக்ஸ் என்னும் கொடியின் வேரில் செய்தது. நம் நன்னாரிக்கு ஆங்கிலத்தில் இந்தியன் சார்சபரில்லா என்று பெயர். செடி வேறு, குடும்பம் வேறு, வாசனை மட்டும் ஏதோ அண்ணன் தம்பி மாதிரி. இந்தியக் கடையில் நன்னாரி சர்பத் வாங்கி, ஒரு பங்குக்கு ஆறேழு பங்கு சோடா, கொஞ்சம் எலுமிச்சை. பழுப்புக் கண்ணாடி பாட்டிலில் ஊற்றி "சார்சபரில்லா" என்று சீட்டு ஒட்டினேன். வேலிப் பெரியவர் ஒரு வாய் குடித்துவிட்டு, "சின்ன வயதில் குடித்த ரூட் பீர்" என்றார். பேரில்தான் பீர், அது மது இல்லாத சோடா.

மது உங்கள் விருப்பம். குட்நைட் தன் மாட்டு ஓட்டத்தில் குடியையும் சூதாட்டத்தையும் அடியோடு தடுத்தவர், அதனால் இல்லாவிட்டாலும் தீம் கெடாது. வைப்பதானால் ஷைனர் பாக் பீர், அப்புறம் ரேஞ்ச் வாட்டர்: டெக்கீலா, எலுமிச்சைச் சாறு, நுரைக்கும் மினரல் வாட்டர். இதை ஜாடியில் மொத்தமாகக் கலந்து வைக்காதீர்கள், பத்து நிமிடத்தில் நுரை செத்துவிடும். குழந்தைகளின் லெமனேடு பக்கமே அதைக் கொண்டுபோகக் கூடாது.

வெயில் 90 டிகிரிக்கு மேல் போனால் சமைத்த எதையும் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது. மிதமான நாளில் இரண்டு மணி நேரம். பீன்ஸை அடுப்பிலேயே விடுங்கள், மற்றதைச் சின்னச் சின்னத் தட்டாக வெளியே கொண்டு வாருங்கள்.

இருட்டியதும் காப்பி. அந்த நாளில் ஆர்பக்கிள் என்ற கம்பெனி வறுத்த கொட்டையை ஒரு பவுண்டு பொட்டலமாக விற்றது, ஒவ்வொரு பொட்டலத்துக்குள்ளும் ஒரு பெப்பர்மின்ட் மிட்டாய்க் குச்சி. யார் கொட்டையை அரைக்கிறார்களோ மிட்டாய் அவர்களுக்கு என்பார் வண்டிச் சமையல்காரர். நான் ஒரு கையரைப்பானும் ஒரு கட்டு மிட்டாயும் வாங்கி வைத்தேன். குழந்தைகள் வரிசை கட்டி நின்று அரைத்துக் கொடுத்தார்கள். பொடியைக் கொதிக்கும் தண்ணீரில் அப்படியே போட்டு, இறக்கிய பிறகு ஒரு கரண்டி பச்சைத் தண்ணீர் தெளித்தால் மண்டி அடியில் தங்கும். அம்மா மட்டும் அதைப் பார்த்து முகம் சுளித்துவிட்டு, உள்ளே போய் டிகாக்‌ஷன் போட்டுக்கொண்டார்.

கடைசியாக, நன்னாரி சர்பத் நான் இரண்டு பாட்டில் வாங்கினேன், ஏழரை மணிக்கே தீர்ந்துவிட்டது. நீங்கள் நாலாக வாங்குங்கள்.